குமிழிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓர் அம்பு

சுவரில் வைத்த ஆள்காட்டி விரலை எடுக்காமல் கழுத்தை மட்டும் திருப்பிக் கேட்கிறார்: “நேத்து ஒரு ஃபைல் ஏத்தினீங்களே, அது எந்தப் பெட்டி?”

கேட்கப்பட்டவர் காதிலிருந்து கருவியைக் கழற்றுகிறார். “அது சின்ன விஷயம்க்கா. தேதியை வேற மாதிரி காட்டுறதுக்கு ஒரு இருபது வரி.”

“இருபது வரின்னா அப்பா அம்மா கிடையாதா? எந்தப் பெட்டி?”

“பெட்டி எதுவும் இல்லக்கா.”

“ஆள் இருக்கு, பெட்டி இல்ல.” கொண்டையில் செருகிய இரண்டு பென்சில்களில் கறுப்பை உருவுகிறார். சுவரடியில் கிடக்கும் முக்காலியை இடது காலால் நகர்த்தி, அதன் மேல் ஏறி, மேல் வரிசையில் காலியாக உள்ள இடத்தில் ஒரு சின்னப் பெட்டி வரைகிறார். கீழே இறங்கிய பிறகுதான் காலைத் தேநீர். அதையும் முழுக் கோப்பையாகக் குடிக்க மாட்டார். அரைக் கோப்பை இப்போது, அரைக் கோப்பை பத்து நிமிடம் கழித்து. கேட்டால், “முழுசா வாங்கினா பாதி ஆறிப்போகுது. ஆறினதைக் குடிச்சுட்டு டீ குடிச்சேன்னு எப்படிச் சொல்றது?” என்பார்.

அலுவலகத்தில் முகத்துக்கு நேராக அவரை அக்கா என்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ‘எந்தப்பெட்டி’. படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும், “எந்தப்பெட்டி வருது, எந்தப்பெட்டி வருது” என்று மேசைக்கு மேசை செய்தி போகும். அது அவருக்கும் தெரியும். ஒருமுறை பிறந்தநாள் அட்டையில் யாரோ கைதவறி அந்தப் பெயரையே எழுதிவிட்டபோது, “பரவால்ல, சரியான பெட்டியிலதான் போட்டிருக்கீங்க” என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம். குளிரூட்டிக்குப் பயந்து கோடையிலும் கம்பளிச் சட்டை போடுவார். அதன் பையில் எப்போதும் ஒரு தையல் நாடா இருக்கும். அதற்கு அலுவலகத்தில் எந்த வேலையும் இல்லை. கணவர் தையல்காரர், அவ்வளவுதான். ஆறு வருடமாக அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அவர் கேட்கும் அந்தக் கேள்வி நாளொன்றுக்குப் பத்து தடவை என் காதில் விழுந்திருக்கிறது. எரிச்சல் வந்ததில்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் நிறுவனம் மருத்துவமனை வார்டுகளில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்தேற்றும் பம்பைச் செய்கிறது. கட்டிலோரக் கம்பியில் மாட்டும் கருவி. ஒரு ரொட்டியின் அளவு இருக்கும். அதன் உடலைப் பக்கத்துக் கட்டடத்தில் செய்கிறார்கள். உள்ளே ஓடும் மென்பொருளை எழுதுவது எங்கள் மாடி. அதற்கான கையேட்டை எழுதுவது நான். மென்பொருளை எழுதுவதற்கு முன்பே வரையப்பட்ட படம் ஒன்று சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு அடி நீளம், ஆறடி உயரம். இருநூற்றுப் பதினான்கு பெட்டிகள், ஐந்நூற்றுச் சொச்சம் அம்புகள்.

பொருள்நோக்கு வடிவமைப்பு என்று இதற்குப் பாடப்புத்தகப் பெயர். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. பம்புக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. பெட்டியில் அதன் பெயர், பெயருக்குக் கீழே அதற்கு என்ன தெரியும், அதற்கும் கீழே அது என்ன செய்யும். ‘மோட்டார்’ என்ற பெட்டிக்குத் தன் வேகம் தெரியும், ஓடும், நிற்கும். ‘குமிழிக் காவல்’ என்ற பெட்டிக்குக் குழாயில் காற்று நுழைந்ததா என்று தெரியும். ‘திரை’ என்ற பெட்டி எண்களைக் காட்டும், மணி அடிக்கும், நடந்ததைக் குறித்து வைக்கும். ஒரு பெட்டி இன்னொன்றுக்கு உத்தரவு போடலாம் என்றால் நடுவே ஓர் அம்பு. அம்பு இல்லாத இடத்தில் உத்தரவும் இல்லை.

இதைப் பார்த்துத்தான் நிரலை எழுதத் தொடங்கினார்கள். எழுத எழுத ஒன்றை இரண்டாகப் பிரித்தார்கள், இரண்டை ஒன்றாக்கினார்கள், பெயர்களை மாற்றினார்கள். சுவருக்குத் திரும்பி வந்து படத்தைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்கிறார்கள். இரண்டு வருடத்தில் படமும் நிரலும் ஒன்றையொன்று தெருவில் பார்த்தாலும் அடையாளம் தெரியாத உறவினர்கள் ஆகிவிடும்.

அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் எந்தப்பெட்டியின் வேலை. படத்தின் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு அம்பிலிருந்தும், அதை நிஜமாகச் செய்கிற நிரல் வரிக்கு ஓர் இணைப்புப் போட வேண்டும். கணினியில் அதற்கொரு பட்டியல் உண்டு. இணைப்பு இருந்தால் பச்சை, அறுந்தால் சிவப்பு. பெட்டிகளைப் பெயர் பார்த்துக் கணினியே இணைத்துவிடும். அம்புகளில் அதன் சாமர்த்தியம் செல்லாது. நிரலைப் படித்துப் புரிந்துகொண்டு, இந்த அம்புக்கு இந்த வரி என்று கையால்தான் கட்ட வேண்டும். ஐந்நூற்றுச் சொச்சம் அம்புகளையும் கட்டியவர் இவர். கட்டிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுவரில் அவருடைய சுருக்கொப்பம், கடுகளவில், தேதியோடு இருக்கும். அழிரப்பர் அவர் மேசையில் கிடையாது. தப்பாகப் போட்டதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதி போட்டு ஒப்பமிட வேண்டும். அடித்ததற்குக் கீழே இருந்தது படிக்கும்படி இருக்க வேண்டும்.

பதினேழு வருடம் முன்பு தட்டச்சு வேலைக்கு வந்தவர் அவர். கணினிப் படிப்பு எதுவும் படித்ததில்லை. நிரல் எழுதத் தெரியாது, படிக்கத் தெரியும். எழுதுகிறவர்கள் பட்டம் வாங்கியவர்கள், பாதிப் பேர் அவருடைய வயதில் பாதி. அப்படியிருந்தும் ஒரு வரியைப் பற்றி இருவருக்குள் தகராறு வந்தால் சுவருக்குப் போய் அந்தக் கடுகளவு ஒப்பத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். “என் கையெழுத்துக்குப் பின்னாடி போய் யாரும் எட்டிப் பார்க்கிறதில்ல. வேற என்ன இருக்கு எங்கிட்ட?” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பெருமையாகச் சொன்னார், எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. எட்டிப் பார்க்காமல் இருப்பது மரியாதையா சோம்பலா என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

உலகத்தையே அவர் இரண்டு வாக்கியங்களால் அளப்பார். நிரல் இருந்து படத்தில் இடமில்லையென்றால், “ஆள் இருக்கு, பெட்டி இல்ல.” படத்தில் இடமிருந்து நிரல் இல்லையென்றால், “பெட்டி இருக்கு, ஆள் இல்ல.” வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் வழியில் ஒரு கடை இருக்கிறது. பலகையில் ‘இங்கு கடிகாரம் பழுதுபார்க்கப்படும்’ என்று எழுதியிருக்கும்; உள்ளே பொம்மை விற்கிறார்கள். அதைத் தாண்டும்போதெல்லாம், “பெட்டி இருக்கு, ஆள் இல்ல” என்று முணுமுணுக்காமல் அவரால் போக முடியாது. “எங்க வீட்டு மச்சான் டைரக்டர்னு கார்டு அடிச்சு வச்சிருக்கார். என்னத்துக்கு டைரக்டர்னு அவருக்கே தெரியாது” என்று ஒருநாள் சொல்லிவிட்டு அதே வாக்கியத்தைச் சேர்த்தார். அவருடைய மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். அவள் அறையைக் காலியாக வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்த வாக்கியத்தை அவர் சொல்லிக் கேட்டதில்லை.

ஓர் இடத்துக்கு மட்டும் போகமாட்டார். மாடியின் கோடியில் சோதனை அறை. அங்கே நிஜப் பம்புகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர்ப் பைகள் தொங்கும், தரை எப்போதும் ஈரமாக இருக்கும். “அங்க நமக்கென்ன வேலை? நம்ம வேலை படத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல” என்பார். பதினேழு வருடத்தில் பம்பை அவர் தொட்டதில்லை.

எட்டு மாதம் முன்பு பம்பின் புதிய பதிப்புக்கு ஆய்வாளர்கள் வர இன்னும் பத்து நாள் இருந்தது. இந்த முறை ஒரு புது விதி. பாதுகாப்பைப் பற்றிக் கையேட்டில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும், அதை நிறைவேற்றுகிற நிரல் வரியின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: ‘திரை உறைந்து நின்றாலும், குழாயில் காற்றுக்குமிழி வந்தால் பம்பு தானாக நின்றுவிடும்.’ அது பழைய கையேட்டில் இருந்து வருவது. ஒன்பது வருடம் முன்பு, நான் வேறு கட்டடத்தில் இருந்த காலத்தில், சுவர்ப் படத்தின் நகலைப் பார்த்து எழுதினேன். குமிழிக் காவலிலிருந்து மோட்டாருக்கு நேராக ஓர் அம்பு போகிறது. நடுவே திரை இல்லை. பக்கத்தில் ஒப்பமும் இருந்தது. அதற்குமேல் என்ன வேண்டும்?

“இதுக்கு வரி நம்பர் சொல்லுங்கக்கா” என்றேன்.

“இது என்ன பிரமாதம்” என்று பட்டியலைத் திறந்தார். பச்சை. பச்சையைத் தட்டினால் வரி வரும். வந்தது. படித்தார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார், திரும்பச் செருகினார். இன்னொரு முறை உருவினார்.

நிரல் எழுதுகிறவர்கள் நடுநடுவே தங்களுக்குள் குறிப்பு எழுதிக்கொள்வார்கள். இரண்டு சாய்கோடுகளில் தொடங்கும் வரி அது. இயந்திரம் அதைப் படிக்காமல் தாண்டிவிடும். மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதுவது. அவர் கணினியில் வந்திருந்த வரி இரண்டு சாய்கோடுகளில் தொடங்கியது: ‘இங்கே மோட்டாரை உடனே நிறுத்து.’ அதற்குக் கீழே ஒரு காலி வரி. அதற்கும் கீழே, குமிழி வந்த செய்தியைத் திரைக்கு அனுப்பும் உத்தரவு. மோட்டாரை நிறுத்துவது திரையின் நிரலில் இருந்தது. அதாவது திரை உயிரோடு இருந்தால் எல்லாம் நடக்கும். திரை உறைந்துவிட்டால் குமிழிக் காவல் கூவுவது யார் காதிலும் விழாது.

ஒன்பது வருடம் முன்பு அந்த அம்பை அவர் குறிப்பு வரியோடு கட்டி ஒப்பம் வைத்திருந்தார்.

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: “கல்யாணப் பத்திரிகையைப் படிச்சுட்டு, கல்யாணம் ஆயிடுச்சுன்னு எழுதி வச்சிருக்கேன்.”

குறிப்பை எழுதியவர் இன்றைக்கு எங்கள் திட்டத்தின் தலைவர். ஒன்பது வருடம் முன்பு புதிதாகச் சேர்ந்த கையோடு அந்த ஃபைலை எழுதியவர். உத்தரவை நாளை எழுதலாம் என்று குறிப்பு மட்டும் போட்டு வைத்து, அடுத்த நாள் வேறு வேலைக்கு மாற்றப்பட்டவர். அடுத்து வந்த ஒருவர் தனக்குச் சுலபமான வழியில் திரை மூலமாக முடித்துவிட்டார். விஷயம் தெரிந்து வந்த தலைவர் சிவந்த முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கே மறந்துபோச்சுக்கா. சரி விடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. குமிழியிலேர்ந்து திரைக்கு ஒரு அம்பு, திரையிலேர்ந்து மோட்டாருக்கு ஒரு அம்பு. நேரா போறதை அடிச்சுடுங்க. கோடிங் என்ன பண்ணுதோ அதையே படமும் சொல்லும். பச்சை. கையேட்டுல அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துட்டா முடிஞ்சுது.” கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்.

அவர் ஏமாற்றச் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நிரல் மாறிய இடத்தில் படத்தைத் திருத்துவதைத்தான் எந்தப்பெட்டி பதினேழு வருடமாகச் செய்துவந்தார். ஆயிரம் அம்புகளை அப்படி மாற்றியிருப்பார். இன்னொன்றை மாற்றினால் யாரும் கேட்கப்போவதில்லை. மாற்றாவிட்டால் நிரலைத் திருத்த வேண்டும், எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஆய்வைத் தள்ளிப்போட வேண்டும். வார்டுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பம்புகளுக்கும் இதே நிரல்தான் என்பதை மருத்துவமனைகளுக்கு எழுத வேண்டும். அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் எந்தப்பெட்டியின் சுருக்கொப்பம் வரும். ஒன்று பொய் என்றால் மற்ற ஐந்நூறும் என்ன கதி?

“படம் கோடிங்குக்குக் கட்டுப்படணுமா, கோடிங் படத்துக்குக் கட்டுப்படணுமா?” என்று எந்தப்பெட்டி என்னிடம் கேட்டார். நான் மதிய இடைவேளையில் தத்துவப் புத்தகம் படிப்பவன் என்று தெரிந்து கேட்டது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அன்றைக்கு எதுவும் கைகொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று ஏதோ சொன்னேன்.

“இதுக்கா இத்தனை புத்தகம்?” என்றார்.

அன்று மாலை ஒரு கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்திருந்ததை வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறைதான் கடை. இரண்டு தையல் இயந்திரங்கள், துணி வெட்ட மாதிரியாகச் சுவரில் ஆணியடித்துத் தொங்கும் காகித வெட்டுகள், ஒரு நீண்ட மேசை. கணவர் உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியபடியே பேசக்கூடியவர்.

“என்னடி, மூஞ்சி இஸ்திரி போடாத துணி மாதிரி இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாததுக்கா நாடாவை விரல்ல சுத்தி அவிழ்த்து, சுத்தி அவிழ்த்து? நாடா பாவம்.”

கையிலிருந்த நாடாவை மேசைமேல் வைத்தார். “ஏங்க, பேப்பர் வெட்டும் துணி வெட்டும் ஒத்துப்போகலைன்னா நீங்க எதை மாத்துவீங்க?”

“ரெண்டையும் மாத்த மாட்டேன். ஆளைக் கூப்பிடுவேன்.”

“எந்த ஆளை?”

“போட்டுக்கப் போற ஆளை. பேப்பரைத் துணி மேல வச்சு, துணியைப் பேப்பர் மேல வச்சு நாள் பூரா பாரேன், உனக்கு என்ன தெரியும்? போட்டுக்கிட்டுக் கையைத் தூக்கும்போதுதான் அக்குள் பிடிக்குதுன்னு தெரியும்.” குண்டூசிகளை எடுத்து ஊசி குத்தும் சின்ன மெத்தையில் குத்தினார். “உங்க ஆபீசுல போட்டுக்கிற ஆளு யாரு?”

“பம்பு” என்றார் அக்கா.

“அதைப் பார்த்திருக்கியா?”

“படத்துல பார்த்திருக்கேன்.”

“பதினேழு வருஷமா?” கணவர் சிரிக்கத் தொடங்கியவர், மனைவி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் கால்சட்டையை மடித்துத் தந்து, “இதை இங்கேயே ஒருதடவை போட்டுப் பார்த்துடுங்க சார்” என்றார்.

மறுநாள் காலை சுவருக்குப் போகாமல் நேராகச் சோதனை அறைக்குப் போனார். நானும் போனேன், வாக்கியம் என்னுடையது. சோதனை செய்யும் பெண் வாளியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “அக்கா! வழி தப்பி வந்துட்டீங்களா? கழிப்பறை அந்தப் பக்கம்.”

“திரையை உறைய வைக்க முடியுமா உன்னால?”

“அதெல்லாம் வேண்டாத வேலைக்கா. உறைஞ்சா நாங்க அணைச்சுப் போட்டுடுவோம். உறைய வச்சு யாரும் பார்த்ததில்ல.”

“நான் பார்க்கணும்.”

தலைவரும் வந்து கதவருகே நின்றார். பையில் நீல மை கலந்த தண்ணீர். பம்பு ஓடியது. அந்தப் பெண் கணினியில் ஏதோ தட்டினாள். திரையில் மணி 10:42 என்று நின்றுவிட்டது. மற்ற எண்களும் நின்றன. பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே இருந்தது. ஓர் ஊசியால் குழாய்க்குள் மிளகளவு காற்றை விட்டாள்.

நீலத் தண்ணீருக்கு நடுவே ஒரு வெள்ளைக் குமிழி. அது மெதுவாக இறங்கி, குமிழிக் காவல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பம்புக்குள் நுழைந்தது. மணி அடிக்கவில்லை. மோட்டாரின் முனகல் மாறவில்லை. அடுத்த பக்கத்தில் குமிழி வெளியே வந்தது. கட்டிலில் ஒருவர் படுத்திருந்தால் அவருடைய கைக்குப் போகும் நீளத்துக்கு இன்னும் ஒரு முழம் குழாய் இருந்தது. நாங்கள் நால்வரும் அந்த ஒரு முழத்தையும் பார்த்துக்கொண்டு நின்றோம். குமிழி குழாயின் நுனிக்கு வந்து, வாளியில் உடைந்தது. 10:42.

தலைவர்தான் முதலில் பேசினார். “ஒன்பது வருஷத்துல இப்படி நடந்ததா ஒரு புகார்கூட வரலக்கா.”

“நடந்ததை எழுதி வைக்கிறது யாரு?”

எல்லோருக்கும் தெரியும். எழுதி வைப்பதும் திரைதான்.

எந்தப்பெட்டி வெளியே வந்து சுவருக்குப் போனார். முக்காலியை நகர்த்தி ஏறினார். மாடி முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. செய்தி அதற்குள் மேசைக்கு மேசை போயிருந்தது. கொண்டையிலிருந்து சிவப்புப் பென்சிலை உருவினார். அம்பைத் தொடவில்லை. அதன் பக்கத்தில் இருந்த தன் ஒப்பத்தின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் அன்றைய தேதி போட்டு, மறுபடி ஒப்பமிட்டார். கீழே இருந்தது படிக்கும்படிதான் இருந்தது.

அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் மூன்று வரி எழுதினார். மூன்றும் தன்னைப் பற்றியவை. குறிப்பை எழுதியவர் யார் என்று அதில் இல்லை. மாலையில் தலைவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, நான்காவது வரியைத் தன் கையால் சேர்த்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் இனிமையாக இல்லை. ஆய்வு தள்ளிப்போனது. பலருடைய விடுப்பு ரத்தானது. மருத்துவமனைகளுக்குக் கடிதம் போனது. திரை உறைந்தால் குழாயை உடனே கையால் மூடச் சொல்லும் அந்தக் கடிதத்தை நான் ஏழு தடவை எழுதினேன். ஐந்நூற்றுச் சொச்சம் அம்புகளையும் மறுபடி படிக்க வேண்டும் என்று முடிவானது. இந்தமுறை அவர் ஒப்பம் மட்டும் போதாது, இன்னொருவரும் படித்து ஒப்பமிட வேண்டும். இன்னொருவர் என்பது பெரும்பாலும் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆன யாரோ. “இந்த வரி ஏன்க்கா? எனக்குப் புரியல, விளக்குங்க” என்று அவர்கள் கேட்பதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன். முதல் வாரம் அவர் குரல் கம்மியிருந்தது. இரண்டாவது வாரத்தில் அவரே, “எதுக்கு மண்டையை ஆட்டுறீங்க? நீங்க தனியாப் படிச்சுட்டு வந்து சொல்லுங்க” என்று விரட்டத் தொடங்கினார். அப்படி விரட்டியதில் இன்னும் இரண்டு அம்புகள் குறிப்பு வரியில் கட்டப்பட்டிருந்தது தெரிந்தது. இரண்டும் ஆபத்தில்லாதவை. இரண்டுக்கும் சிவப்புக் கோடு.

விடுப்பு ரத்தான யாரோ ஒருநாள் அவர் கணினித் திரையில் ஒரு தாளை ஒட்டிவைத்தார்கள்: ‘பெட்டி இருக்கு, ஆள் இல்ல.’ காலையில் வந்து அதைப் படித்தவர் கிழிக்கவில்லை. அடியில் ‘எழுதின ஆள் எந்தப் பெட்டி?’ என்று எழுதி அப்படியே விட்டுவிட்டார். பத்துநாள் அங்கேயே இருந்தது. பிறகு ஒட்டியவரே எடுத்திருக்க வேண்டும்.

இப்போதும் காலையில் விரலைச் சுவரில் வைத்துத்தான் நாள் தொடங்குகிறது. கேள்வியும் அதேதான். ஆனால் இரண்டாவது அரைக் கோப்பைத் தேநீரைக் குடிக்கச் சோதனை அறைக்குப் போகிறார். ஈரத்தில் வழுக்காமல் இருக்க ரப்பர் செருப்பு ஒன்று வாங்கியிருக்கிறார். அந்தப் பெண் அதைக் கண்டு, “அக்கா குடிவந்துட்டாங்க” என்கிறாள்.

சென்ற வாரம் திருத்திய நிரலோடு முதல் பம்பு அங்கே வந்தது. பல மாதச் சண்டைக்குப் பிறகு குமிழிக் காவலிலிருந்து மோட்டாருக்கு நேராகப் போகும் உத்தரவு நிரலில் நிஜமாகவே இருந்தது. எந்தப்பெட்டியும் இன்னொருவரும் அதைப் படித்தாகிவிட்டது. தலைவர் ஒப்பத் தாளோடு வந்தார். நான் நாற்பத்தோராம் பக்கத்தோடு போனேன். நீலத் தண்ணீர், அதே குழாய். திரையை உறைய வைத்தார்கள். எண்கள் நின்றன.

எந்தப்பெட்டி கம்பளிச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு பம்புக்குப் பின்பக்கம் போனார். மோட்டார் இருக்கும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெட்டியின் மேல் வைக்கும் அதே ஆள்காட்டி விரலை அங்கே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் காற்றை விட்டாள். குமிழி இறங்கி வந்து பம்புக்குள் நுழைந்தது. மோட்டாரின் முனகல் அடங்கியது.

“நின்னுடுச்சுக்கா” என்றாள் அவள்.

“நின்னுடுச்சு” என்றார் தலைவர். தாளையும் பென்சிலையும் அவர் பக்கம் நீட்டினார்.

அவர் விரலை எடுக்கவில்லை.